நீர்மேல் எழுதிய கோடு



‘நயாகரா’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது, காலண்டர் படத்தில் கண்ட வெண்ணிற நீர்த்திரையும் அதன்மேல் வளைந்து நிற்கும் வானவில்லும்தான். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் இவ்வாண்டு புவியியல் வகுப்பில் சிஸ்டர் வட அமெரிக்காவின் படத்தைச் சுவரில் மாட்டி, பிரம்பின் நுனியால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டியபோது ஒரு புதுமையைக் கண்டோம். நாடுகளைப் பிரிக்கும் கோடு ஏரிகளின் நடுவே ஓடி, ஓர் ஆற்றுக்குள் இறங்கி, அருவியின் மேலேயே சென்றது. உடனே கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, “சிஸ்டர், தண்ணீரில் எப்படிக் கோடு போடுவார்கள்? நிலையாத ஒன்றை ‘நீர்மேல் எழுத்து’ என்றுதானே தமிழில் சொல்கிறோம்?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. “நல்ல கேள்வி. விடை தேடி ஆண்டு மலருக்கு எழுதுங்கள்” என்றார்கள்.

அந்த விடையைத் தேடித்தான் இப்பயணம். கையில் பாஸ்போர்ட்டும் இல்லை, பயணச் சீட்டும் இல்லை. மனம் என்னும் விமானம் இருக்கும்போது அவை எதற்கு? வாருங்கள், ஏறி அமர்வோம்!

அமைவிடம்

வட அமெரிக்காவில் சுப்பீரியர், மிச்சிகன், ஹூரான், ஈரி, ஒண்டாரியோ என்று ஐந்து பேரேரிகள் உள்ளன. உலகில் நிலத்தின் மேற்பரப்பில் உள்ள நன்னீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவற்றில்தான் அடங்கியிருக்கிறது. முதல் நான்கு ஏரிகளின் நீரும் ஈரி ஏரியில் வந்து சேர்ந்து, அங்கிருந்து ஓர் ஆறாகப் புறப்பட்டு ஒண்டாரியோ ஏரியை அடைகிறது. அதுவே நயாகரா ஆறு. இதன் நீளம் சுமார் 58 கிலோ மீட்டர்தான். ஆனால் இந்தச் சிறிய தொலைவுக்குள் அது ஏறத்தாழ 99 மீட்டர் கீழே இறங்கியாக வேண்டும். அந்த இறக்கத்தின் பெரும்பகுதியை ஒரே பாய்ச்சலில் தாண்டும் இடமே நயாகரா அருவி.

ஆற்றின் ஒரு கரை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூயார்க் மாநிலம். மறு கரை கனடாவின் ஒண்டாரியோ மாகாணம். இரு கரையிலும் உள்ள ஊர்களுக்கு ஒரே பெயர்: நயாகரா ஃபால்ஸ்!

வானவில் பாலத்தில் நாம்

இரு ஊர்களையும் இணைக்கும் ‘வானவில் பாலம்’ 1941-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதில் நடந்தே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகலாம். பாலத்தின் நடுவே எல்லையைக் குறிக்கும் அடையாளம் இருக்கிறது. அங்கே நின்றால் ஒரு கால் அமெரிக்காவிலும் ஒரு கால் கனடாவிலும் இருக்கும்! இரு முனைகளிலும் அதிகாரிகள் நம் தாள்களைச் சரிபார்ப்பார்கள். பாலத்துக்குக் கீழே ஓடும் தண்ணீரை மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

பாலத்திலிருந்து பார்த்தால் அருவி ஒன்றல்ல, மூன்று என்பது தெரியும். அமெரிக்கக் கரையை ஒட்டி நேராக விழுவது அமெரிக்க அருவி. அதன் அருகே, ஒரு சிறு தீவு பிரித்துவிட்டதால் தனியே மெல்லிய துணிபோல் இறங்குவது ‘மணமகளின் முக்காடு’. அப்பால், ஆட்டுத் தீவு என்னும் பெரிய தீவைக் கடந்து, குதிரை லாடம்போல் வளைந்து நிற்பது லாட அருவி. இதன் உயரம் சுமார் 57 மீட்டர், அகலம் ஏறத்தாழ 670 மீட்டர். ஆற்றுநீரில் பத்தில் ஒன்பது பங்கு இதன் வழியாகத்தான் விழுகிறது. இதன் பெரும்பகுதி கனடாவைச் சேர்ந்தது. எல்லைக்கோடு இந்த அருவியின் ஓரமாகத்தான் போகிறது.

கீழே படகுகள் செல்கின்றன. அமெரிக்கக் கரையிலிருந்து வரும் படகில் எல்லாரும் நீல நிற மழைச்சட்டை அணிந்திருக்கிறார்கள். கனடாக் கரையிலிருந்து வரும் படகில் எல்லாருக்கும் சிவப்பு. இரண்டும் ஒரே நீரில், ஒரே சாரலில், ஒரே வானவில்லுக்குக் கீழே போய்த் திரும்புகின்றன. நீலச் சட்டையும் நனைகிறது, சிவப்புச் சட்டையும் நனைகிறது. இக்காட்சி கண்கொள்ளாக் காட்சி என்றால் மிகையாகாது!

இவ்வருவியை முதன்முதலில் ஐரோப்பியருக்கு விரிவாக எழுதி அறிவித்தவர் லூயி ஹென்னப்பின் என்னும் கத்தோலிக்கக் குரு. அவர் 1678-இல் இதைக் கண்டு, 1683-இல் வெளியிட்ட நூலில் வருணித்தார். வியப்பு மிகுதியால் அருவியின் உயரத்தை ஏறக்குறைய மூன்று மடங்காக்கி எழுதிவிட்டாராம்! ஆனால் அவர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்கு வாழ்ந்த பூர்வகுடி மக்களுக்கு இது பழகிய அருவி. ‘நயாகரா’ என்ற பெயரே அவர்களுடைய மொழியிலிருந்து வந்ததுதான்.

நடக்கும் அருவி

அருவி நடக்குமா? நடக்கும்! நயாகராவின் மேல்தட்டில் டோலமைட் என்னும் கடினமான பாறை உள்ளது. அதன் கீழே ஷேல் எனப்படும் மென்மையான களிப்பாறை அடுக்குகள் இருக்கின்றன. விழும் நீரின் வேகமும் சாரலும் கீழேயுள்ள மென்பாறையை அரித்துக் குடைகின்றன. அடியில் தாங்க ஒன்றுமில்லாமல் போகும்போது மேற்பாறை உடைந்து விழுகிறது. அருவி ஓர் அடி பின்வாங்குகிறது. பனிக்காலம் முடிந்து சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் இவ்வருவி தோன்றிய இடத்திலிருந்து இன்று ஏறத்தாழ 11 கிலோ மீட்டர் பின்னால் வந்துவிட்டது. அது கடந்து வந்த வழிதான் கீழே நாம் காணும் ஆழமான பள்ளத்தாக்கு.

ஆகவே, தண்ணீர் மட்டுமல்ல, அருவி நிற்கும் பாறையும் நிலையானதன்று. அப்படியானால் அதன்மேல் போட்ட கோடு எப்படி நிற்கும்? தோழியின் கேள்வி எங்களை மீண்டும் மீண்டும் துரத்தியது.

அருவி நின்ற நாள்

1848-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஓர் இரவு, அருவிக்கரை மக்கள் திடுக்கிட்டு விழித்தார்கள். ஓசை கேட்டு அல்ல, ஓசை நின்றுபோனதால்! ஈரி ஏரியிலிருந்து காற்றால் தள்ளப்பட்ட பனிக்கட்டிகள் ஆற்றின் வாயை அடைத்துவிட்டன. அருவி ஒரு நாளுக்கும் மேலாக வற்றிக் கிடந்தது. அஞ்சியவர்கள் ஆலயங்களில் கூடி மன்றாடினார்கள். துணிந்தவர்கள் ஆற்றுப்படுகையில் இறங்கி நடந்தார்கள். அங்கே அவர்கள் கண்டெடுத்தவை என்ன தெரியுமா? பழைய துப்பாக்கிகளும் துப்பாக்கி முனைக் கத்திகளும்!

அவை எப்படி அங்கு வந்தன? 1812 முதல் 1814 வரை அமெரிக்காவும், அப்போது கனடாவை ஆண்ட பிரிட்டனும் இக்கரைகளில் கடும் போர் புரிந்தன. 1814 ஜூலை 25 அன்று அருவிக்கு மிக அருகில் லண்டிஸ் லேன் என்னுமிடத்தில் இரவு வரை நடந்த போரில் இரு தரப்பிலும் எண்ணற்றோர் மாண்டும் காயமுற்றும் போயினர். அழகிய அருவியின் அடியில் கிடந்த ஆயுதங்கள் அந்நாளின் சாட்சிகள். தண்ணீரில் போட்ட கோட்டுக்காக மனிதர்கள் முதலில் பயன்படுத்திய மை, இரத்தம்தான்.

கோட்டைக் கடந்த ஜோ

அதே கோடு சிலருக்கு உயிர் தந்த கோடாகவும் இருந்தது. அக்காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். 1850-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, வட மாநிலங்களுக்குத் தப்பி ஓடியவர்களையும் பிடித்து எசமானரிடம் ஒப்படைக்கலாம். ஆனால் பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட கனடாவில் 1834-லேயே அடிமைமுறை ஒழிக்கப்பட்டிருந்தது. எனவே நயாகரா ஆற்றைக் கடந்துவிட்டால் விடுதலை!

ஹேரியட் டப்மன் என்னும் வீரப் பெண்மணி தாமே அடிமையாகப் பிறந்து, 1849-இல் தப்பியவர். பின்னர் பலமுறை திரும்பிச் சென்று சுமார் 70 பேரை மீட்டு வந்தார். 1856-இல் அவர் அழைத்து வந்தவர்களில் ஜோ என்பவரும் ஒருவர். அவரைப் பிடித்துத் தருபவருக்குப் பெரும் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. அருவிக்குக் கீழே ஆற்றின் குறுக்கே 1855-இல் திறக்கப்பட்ட தொங்கு பாலத்தின்மேல் இரயில் சென்றபோது, உடன் வந்தவர்கள் எல்லாரும் அருவியைப் பார்த்து மகிழ்ந்தார்கள். ஜோ மட்டும் தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டு நிமிரவே இல்லையாம். பிடித்துவிடுவார்களோ என்ற அச்சம்! பாலத்தின் நடுப்பகுதியைக் கடந்ததும் டப்மன் ஓடிச்சென்று அவரை உலுக்கி, நீ விடுதலை பெற்றுவிட்டாய் என்று கூவினார். அதன் பிறகுதான் ஜோ தலை நிமிர்ந்தார், கண்ணீர் வடிய இறைவனைப் புகழ்ந்து பாடினார் என்று, டப்மனின் வரலாற்றை 1869-இல் எழுதிய சேரா பிராட்ஃபோர்டு கூறுகிறார்.

இதைப் படித்தபோது எங்களுள் சிலர் அழுதுவிட்டோம். உலகமே வந்து காணும் அருவியைக் கண்முன் வைத்துக்கொண்டும் ஒருவரால் தலை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை! அழகைக் காண்பதற்கும் விடுதலை வேண்டும் போலும்.

வேலிக்குள் சிறைப்பட்ட அருவி

போர் முடிந்த பின்னும் அருவிக்குத் துன்பம் தீரவில்லை. அமெரிக்கக் கரையில் அருவியைச் சுற்றியிருந்த நிலங்களைத் தனியார் வாங்கி, வேலியிட்டு, பார்ப்பதற்குக் காசு கேட்டார்கள். கரையோரம் ஆலைகள் எழுந்தன. இதைக் கண்டு வருந்திய நல்லோர் பலர், ‘நயாகராவை விடுவிப்போம்’ என்று இயக்கம் நடத்தினர். பூங்காக்களை அமைப்பதில் புகழ்பெற்ற ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட் அவர்களுள் ஒருவர். அதன் பயனாக 1885 ஜூலை 15 அன்று அமெரிக்கக் கரை, எல்லாரும் கட்டணமின்றி வரக்கூடிய பூங்காவாகத் திறக்கப்பட்டது. கனடாக் கரையிலும் 1888-இல் ஒரு பூங்கா திறக்கப்பட்டது. இரு கரையினரும் ஒரே நல்லெண்ணத்தை ஏறக்குறைய ஒரே காலத்தில் கொண்டார்கள் என்பது நம் கவனத்துக்குரியது.

தண்ணீரைப் பங்கிட்ட கதை

அடுத்து வந்தது மின்சாரம். நிக்கோலா டெஸ்லாவின் மாறுதிசை மின்னோட்ட முறையைப் பயன்படுத்தி, நயாகராவில் உண்டாக்கிய மின்சாரத்தை 1896-இல் பஃபலோ நகரத்துக்கே கொண்டு சென்றார்கள். அன்று முதல் இரு நாடுகளுக்கும் அருவி நீரின்மேல் ஆசை வளர்ந்தது. ஆளுக்கு வேண்டியதை அள்ளிக்கொண்டே போனால் அருவி என்ன ஆகும்?

இங்குதான் இரு நாடுகளும் அமர்ந்து பேசின. 1909-இல் எல்லை நீர்நிலைகள் பற்றி ஓர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. அதன்படி இரு நாட்டினரும் சம எண்ணிக்கையில் அமர்ந்து வழக்குகளை ஆராயும் பொதுக் குழு ஒன்று ஏற்பட்டது. பின் 1950 பிப்ரவரி 27 அன்று நயாகராவுக்கென்றே தனி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் சாரம் இது: முதலில் அருவிக்கு உரிய பங்கு. அதற்கு மேல் உள்ள நீரை இரு நாடுகளும் சரிபாதியாக மின்சாரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அருவியின் பங்கு எவ்வளவு? சுற்றுலாக் காலத்தில் பகல் வேளையில் வினாடிக்குக் குறைந்தது 2,832 கன மீட்டர், அதாவது 28 லட்சத்து 32 ஆயிரம் லிட்டர். நம் விடுதிக் குளியலறை வாளியில் 15 லிட்டர் பிடிக்கும் என்று கொண்டால், கண் இமைக்கும் நேரத்தில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட வாளிகள்! ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 8 மணி முதல் இரவு 10 மணி வரையிலும், அதன்பின் அக்டோபர் 31 வரை காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரையிலும் இந்த அளவு குறையக் கூடாது. மற்ற நேரங்களிலும் குளிர் மாதங்களிலும் இதில் பாதி விழுந்தால் போதும். அருவிக்குச் சற்று மேலே, ஆற்றுக்குள் 18 மதகுகளைக் கொண்ட அணை ஒன்று இதற்கெனக் கட்டப்பட்டிருக்கிறது.

ஆற்றில் இயல்பாக வரும் நீர் சராசரியாக வினாடிக்கு ஏறத்தாழ 5,700 கன மீட்டர். அப்படியானால் பகலில் நாம் பார்ப்பது பாதி அருவி, இரவில் கால் அருவி! மீதி நீர் சுரங்கக் குழாய்களின் வழியே, கனடாவில் சர் ஆடம் பெக் மின்நிலையங்களுக்கும் அமெரிக்காவில் ராபர்ட் மோசஸ் மின்நிலையத்துக்கும் போய்விடுகிறது.

இதை அறிந்தபோது எங்கள் வகுப்பில் பெரிய வாக்குவாதமே நடந்தது. “குழாயைத் திருகுவதுபோல் அருவியைத் திருகுவதா? இது இயற்கைக்குச் செய்யும் துரோகம்” என்றாள் ஒருத்தி. “அந்த மின்சாரம் எத்தனை மருத்துவமனைகளுக்கு விளக்கேற்றும்!” என்றாள் மற்றொருத்தி. இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. இன்னொன்றும் உண்டு. நீர் குறைந்ததால் பாறை அரிப்பும் குறைந்தது. முன்பு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் பின்வாங்கிய லாட அருவி, இப்போது சுமார் 30 சென்டிமீட்டர்தான் பின்வாங்குகிறது.

மனிதர் கை வைக்காமல் நிறுத்திக்கொண்டதும் உண்டு. அமெரிக்க அருவியின் அடியில் குவிந்து கிடக்கும் பாறைகளை அகற்றலாமா என்று ஆராய, 1969 ஜூன் முதல் நவம்பர் வரை மண்ணும் கல்லும் கொட்டி அந்த அருவியை முழுவதும் நிறுத்தினார்கள். உலர்ந்த படுகையில் மக்கள் எறிந்த சில்லறைக் காசுகள் ஏராளமாகக் கிடந்தன. ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த பின் அவர்கள் எடுத்த முடிவு: பாறைகளை விழுந்தபடியே விட்டுவிடலாம்! தம்மால் செய்ய முடிந்ததைச் செய்யாமல் விட்ட அடக்கம் எங்களுக்கு மிகவும் பிடித்தது.

ஒப்பந்தத்தில் இடம் பெறாதவர்கள்

ஆனால் இந்தக் கதையில் ஒரு குறை உண்டு. அதை மறைத்தால் கட்டுரை உண்மையாகாது. இரு நாடுகளும் தண்ணீரைப் பங்கிட்டபோது, அங்கே முன்பிருந்தே வாழும் பூர்வகுடியினரை மேசைக்கு அழைக்கவில்லை. அமெரிக்கக் கரையின் மின்நிலையத்துக்குப் பெரிய நீர்த்தேக்கம் தேவைப்பட்டது. அதற்கு டஸ்கரோரா மக்களின் நிலத்தைக் கேட்டார்கள். அவர்கள் விற்க மறுத்தார்கள். 1958-இல் நிலத்தை அளக்க வந்த வண்டிகளின் முன் ஆண்களும் பெண்களும் படுத்து மறித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1960-இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. சுமார் 550 ஏக்கர் நிலம் நீருக்குள் போயிற்று. மூன்று நீதிபதிகள் அத்தீர்ப்புக்கு உடன்படவில்லை. அவர்களுள் ஹ்யூகோ பிளாக் என்பவர், நாடு கொடுத்த வாக்கைக் காத்திருக்க வேண்டும் என்று வருந்தி எழுதினார்.

வலிமையுள்ள இருவர் தமக்குள் சமமாகப் பிரித்துக்கொண்டால் மட்டும் அது நீதியாகிவிடாது. பேச்சில் இடமில்லாத மூன்றாமவரையும் நினைக்க வேண்டும். இதை எங்களுக்குக் கற்பித்தவர்கள் டஸ்கரோரா மக்களே.

முடிவுரை

தோழியரே, நம் பயணம் முடிந்தது. கடைசி பெஞ்சுத் தோழியின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். தண்ணீரில் கோடு போட முடியாது. பாறையிலும் அது நிலைக்காது, ஏனெனில் பாறையும் நகர்கிறது. துப்பாக்கியால் போட்ட கோடு துருப்பிடித்து ஆற்றின் அடியில் கிடந்தது. இன்று நயாகராவில் இருப்பது ஒரு வாக்குறுதி. “இவ்வளவு நீரை விழ விடுவோம், மிச்சத்தைச் சமமாக எடுப்போம்” என்ற சொல். அச்சொல்லை இரு நாடுகளும் காப்பதால்தான், நாளை காலை எட்டு மணிக்கு அங்கு போய் நிற்கும் ஒரு சிறுமிக்கும் அருவி இருக்கும். சொல் காக்கப்படாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு, நீருக்குள் போன அந்த நிலம் சாட்சி.

நாங்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே டெஸ்க்கில் அமரும் நாங்கள் இருவர் இருவராகச் சாக்பீஸால் நடுவில் கோடு கிழித்துக்கொண்டு, “உன் முழங்கை என் பக்கம் வந்துவிட்டது” என்று சண்டையிட்டவர்கள்தாம். மாலையில் துடைத்தால் அழிந்துவிடும் கோடு அது. இக்கட்டுரையை எழுதி முடித்த அன்று அதை நாங்களே அழித்துவிட்டோம். அழிப்பதற்கு முன் ஒன்று பேசிக்கொண்டோம்: பெரிய அட்லஸைத் திறந்து விரிக்கும்போது இருவர் பக்கமும் இருவருக்கும் சொந்தம். மூன்றாவதாக ஒருத்தி எட்டிப் பார்க்க வந்தால் அவளுக்கும் இடம் உண்டு!

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு